வாம்பயர் காதல் கதைய வச்சு இங்கிலீஷ் வொகாபுலரி ஏத்துறது எப்படி

வாம்பயர் ரொமான்ஸ் நல்ல இலக்கியமா குப்பையாங்குற சண்டைக்குள்ள நான் வரல, அது முடியவே முடியாத சண்டை. எனக்கு அதுல வேற ஒரு விஷயம்தான் முக்கியமா படுது: இந்த கதைங்களோட ரசிகர்கள் படிச்சதையே திரும்ப படிப்பாங்க. கடைசி பக்கத்த முடிச்ச கையோட முதல் பக்கத்துக்கு போறவங்க இருக்காங்க, பிடிச்ச சீன மட்டும் தூங்குறதுக்கு முன்னாடி எடுத்து எடுத்து படிக்கிறவங்க இருக்காங்க, படம் பாத்துட்டு "புக்குல இப்படி இல்லையே"ன்னு மறுபடி புக்க தூக்குறவங்க இருக்காங்க. வொகாபுலரி கத்துக்கிறதுல ரொம்ப போரான, ஆனா தவிர்க்கவே முடியாத வேலை எதுன்னா ஒரே வார்த்தைய பல தடவ சந்திக்கிறதுதான். அந்த வேலைய ரசிகர்கள் யாரும் சொல்லாமலே சந்தோஷமா செஞ்சிட்டு இருக்காங்க. நாம பண்ண வேண்டியது அந்த பழக்கத்து மேல கொஞ்சமா வேலைய ஏத்தி விடுறது மட்டும்தான், அத விட்டுட்டு கைல நூறு வார்த்தை லிஸ்ட்ட குடுத்து மனப்பாடம் பண்ணுன்னா இருக்குற ஆசையும் ஓடிப்போயிடும்.

தானா படிச்சு கத்துக்க நினைக்கிற ரசிகருக்கும், வகுப்புலயோ ரீடிங் க்ரூப்லயோ நாலஞ்சு ரசிகர்கள வச்சுக்கிட்டு என்ன பண்ணலாம்னு யோசிக்கிறவங்களுக்கும் சேத்துதான் எழுதுறேன். இங்கிலீஷ் வார்த்தை எல்லாத்தையும் தமிழ்லயே உச்சரிப்போட எழுதிருக்கேன், ஸ்பெல்லிங்க புக்குலயோ டிக்ஷனரிலயோ நீங்களே தேடிப்பிடிங்க, தேடுறதே பாதி படிப்பு.

எந்த புக்க எடுக்குறது

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். புக்க நடுவுல எங்கயாவது திறந்து ஒரு பக்கம் படிங்க. பால் நேஷன் மாதிரி வொகாபுலரி ஆராய்ச்சியாளர்கள் சொல்ற கணக்கு என்னன்னா, யாரோட உதவியும் இல்லாம ஒரு கதைய ரசிச்சு படிக்கணும்னா அதுல 98 சதவீத வார்த்தைகள் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், அதாவது 250 வார்த்தை இருக்குற பக்கத்துல தெரியாதது 5-க்குள்ள இருக்கணும். பத்து பதினஞ்சு தெரியாத வார்த்தை வந்துச்சுன்னா அந்த புக்கு இப்போதைக்கு வேணாம். ஆனா இதுல ரசிகருக்கு ஒரு சலுகை உண்டு, கதை ஏற்கனவே தெரிஞ்சவங்களுக்கு, படமோ சீரிஸோ பாத்தவங்களுக்கு, இந்த கணக்கு கொஞ்சம் தளரும், ஏன்னா அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சா தெரியாத வார்த்தைய ஊகிக்கிறது சுலபம்.

ரொம்ப பிரபலமானதுல இருந்தே ஆரம்பிக்கலாம். ஸ்டெஃபனி மெயரோட 'ட்வைலைட்' 2005-ல வந்தது, அதுக்கு அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணா 2008 வரைக்கும் மொத்தம் நாலு புக்கு. தன்மைல, பதின்வயசு பொண்ணு ஒருத்தி பேசுற மாதிரி எழுதினது, அதனால வாக்கியம் சின்னது, பேச்சு நிறைய, நடுநடுவுல மட்டும் கனமான வார்த்தை வந்து விழும். கத்துக்கிறவங்களுக்கு இந்த அமைப்பு ரொம்ப வசதி. இந்த தொடரை வச்சே அமெரிக்காவுல காலேஜ்ல சேர எழுதுற எஸ்ஏடி தேர்வுக்கு வொகாபுலரி பயிற்சி புக்கு 2009-ல வெளிவந்துச்சுன்னா பாத்துக்கோங்க. அந்த தேர்வே அப்புறம் 2016-ல மாறிப்போச்சு, அபூர்வமான வார்த்தைய தனியா தூக்கி வச்சு கோடிட்ட இடத்த நிரப்ப சொல்ற கேள்வியெல்லாம் எடுத்துட்டாங்க, சூழல்ல வச்சு அர்த்தம் புரியுதான்னு பாக்குற பக்கம் போயிட்டாங்க. அதனால லிஸ்ட் மனப்பாடம் தேர்வுக்கு கூட பழைய மாதிரி உதவாது.

ஆனா இந்த தொடர்ல கத்துக்கிறவங்களுக்கு இருக்குற பெரிய புதையல பல பேர் கவனிக்கிறதே இல்ல. ஒரே கதைய அந்த அம்மா மூணு தடவ எழுதிருக்காங்க! 2005-ல கதாநாயகி பெல்லா சொல்ற கதை. 2015-ல பத்தாவது வருஷத்துக்காக 'லைஃப் அண்ட் டெத்'னு ஆண் பெண் மாத்தி எழுதினாங்க, அதுல மனுஷன் பையன் பேரு போ, வாம்பயர் பொண்ணு பேரு ஈடித். 2020-ல 'மிட்நைட் சன்', அதே சம்பவங்கள அவளோட வாம்பயர் காதலன் எட்வர்ட் பக்கத்துல இருந்து. ஸ்டீஃபன் க்ராஷன்னு ஒரு மொழியியல் பேராசிரியர் 1981-லயே நேரோ ரீடிங்னு ஒண்ணு சொன்னார், பல விஷயத்த மேலோட்டமா மேயாம ஒரே எழுத்தாளர், ஒரே தலைப்புன்னு குறுக்கிக்கிட்டு நிறைய படிங்க, அதே வார்த்தைங்க தானா திரும்ப திரும்ப வரும்னு. அதுக்கு இத விட நல்ல உதாரணம் கிடைக்காது.

இத எப்படி பயன்படுத்துறதுன்னா, ஒரு சீன் எடுங்க, உதாரணமா பயாலஜி க்ளாஸ்ல ரெண்டு பேரும் முதல் தடவ பக்கத்துல உக்கார்ற சீன். மூணு புக்குலயும் அந்த இடத்த எடுத்து வச்சு வரிசையா படிங்க. முதல் தடவ அர்த்தம் மட்டும் போதும். ரெண்டாவது தடவ பென்சிலோட உக்காந்து ஒரே செயலுக்கு என்னென்ன வேற வார்த்தை வந்திருக்குன்னு கோடு போடுங்க. பொண்ணு கண்ணுல இருந்து பாக்கும்போது பையன வர்ணிக்க வர்ற அட்ஜெக்டிவ், பையன் கண்ணுல இருந்து பொண்ண பாக்கும்போது அப்படியே இருக்கா மாறுதான்னு பாருங்க. வெளில இருந்து பாத்தா வெறுப்புன்னு தெரியிற ஒரு முறைப்பு உள்ள இருந்து பாத்தா பசின்னு தெரியும், அதுக்கேத்த மாதிரி வெர்ப் மாறும். ஒரு சீனுக்கு ஒரு சாயங்காலம் குடுங்க, அவசரமே வேணாம். எந்த வொகாபுலரி புக்கும் குடுக்காத பயிற்சி இது.

எந்த வார்த்தைய புடிக்கணும், எத விடணும்

தெரியாத எல்லா வார்த்தையையும் எழுதாதீங்க, எழுதுனா மூணாவது சாப்டர்ல நோட்டு மூடிடும், புக்கும் சேந்து மூடிடும். இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன்னு ரெண்டு கல்வி ஆராய்ச்சியாளர்கள் வார்த்தைங்கள மூணு அடுக்கா பிரிச்சாங்க, முதல் அடுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச அன்றாட வார்த்தை, மூணாவது அடுக்கு ஒரு துறைக்கு மட்டும் வேணுங்குறது, நடுவுல இருக்குற ரெண்டாவது அடுக்குதான் எந்த புக்கு எடுத்தாலும் எந்த கட்டுரை எடுத்தாலும் வர்றது. நமக்கு வேண்டியது அந்த நடு அடுக்கு. 'கவன்', அதாவது சூனியக்காரிங்க கூட்டத்துக்கும் வாம்பயர் கூட்டத்துக்கும் சொல்றது, மூணாவது அடுக்கு. ரசிகருக்கு அது தானா மனசுல நிக்கும், அதுக்கு கார்டு (எப்படி போடுறதுன்னு கீழ சொல்றேன்) போட வேணாம். 'இன்க்ரெஜுலஸ்', நம்பவே முடியாம பாக்குறது, இது நடு அடுக்கு, இத புடிங்க. 'இன்க்ரெடிபிள்' நம்ப முடியாத விஷயம், 'இன்க்ரெஜுலஸ்' நம்ப முடியாம நிக்கிற ஆளு, இந்த ரெண்டும் குழம்புறது ரொம்ப சகஜம்.

ஒரு சாப்டருக்கு அஞ்சு வார்த்தை, அதுக்கு மேல வேணாம். எந்த அஞ்சுன்னா, ஒண்ணு அந்த வார்த்தை அதே புக்குல மறுபடி வரணும், ரெண்டு அது தெரியாததால சீனோட உணர்ச்சி உங்களுக்கு பாதிதான் புரிஞ்சிருக்கணும். ட்வைலைட்ல 'ஷக்ரின்'னு ஒண்ணு அடிக்கடி வரும், சி எச்-ல ஆரம்பிச்சாலும் ஷ-ன்னுதான் உச்சரிக்கணும், அவமானமும் எரிச்சலும் கலந்து மூஞ்சி தொங்கிப்போற நிலைமை. ரசிகர்களே அத கிண்டல் பண்ற அளவுக்கு வரும். கத்துக்கிறவங்களுக்கு அந்த கிண்டலும் லாபம்தான், ஏன்னா ஒரு வார்த்தைய வச்சு ஜோக் அடிச்சாச்சுன்னா அது மறக்காது. நல்ல நடைக்கு ஆகாதுன்னு விமர்சகர்கள் திட்டுற அதே ரிபிடிஷன் நமக்கு வரப்பிரசாதம்.

இந்த ஜானர் எதுல பணக்காரன்

வாம்பயர் காதல் கதைல சம்பவம் கம்மி, பாக்குறதும் மூச்சு விடுறதும் தயங்குறதும்தான் ஜாஸ்தி. அதனால பார்வைக்கு, குரலுக்கு, நிறத்துக்கு இங்கிலீஷ்ல இருக்குற நுணுக்கமான வார்த்தையெல்லாம் ஒரே புக்குல மாட்டும். வார்த்தைங்கள ஏ டு இசட் வரிசைல எழுதாம குடும்பம் குடும்பமா எழுதுங்க.

பார்வைக் குடும்பம்: 'கேஸ்' வச்ச கண்ணு வாங்காம பாக்குறது, 'க்ளேர்' முறைக்கிறது, 'க்ளான்ஸ்' ஒரு பார்வை ஓட்டிட்டு எடுத்துடுறது, 'பியர்' கண்ண இடுக்கி உத்துப் பாக்குறது, 'ஸ்டேர்' நாகரிகம் இல்லாம வெறிக்கிறது. கண்ணுக்கு அடிக்கடி வர்ற இன்னொண்ணு 'ஸ்மோல்டர்', தமிழ்ல நீறு பூத்த நெருப்புன்னு சொல்றோமே அப்படி உள்ளுக்குள்ள கனல்றது. இந்த அஞ்சாறு வெர்புக்கும் தமிழ்ல நேரா சொல்ல நமக்கு வழி இருக்கு, அதனால டிக்ஷனரில இருக்குற நீளமான இங்கிலீஷ் விளக்கத்த காப்பி அடிக்காம, "முறைக்கிறான்"னு ஒரே வார்த்தைல எழுதிக்கோங்க.

குரல் குடும்பம் இன்னும் ஜோரு, ஏன்னா வாம்பயர் பாதி மனுஷன் பாதி மிருகம். 'மர்மர்' முணுமுணுக்கிறது, 'க்ரவுல்' அடித்தொண்டைல உறுமுறது, 'ஸ்னார்ல்' பல்ல காட்டி உறுமுறது, 'ஹிஸ்' சீறுறது, 'சக்கிள்' தனக்குள்ள மெல்ல சிரிச்சுக்கிறது, 'ஸ்மர்க்' சத்தமே இல்லாம நக்கலா இளிக்கிறது. சாதாரணமா 'செட்', அதாவது சொன்னான்னு எழுத வேண்டிய இடத்துல எல்லாம் இவங்க உறுமுவாங்க, சீறுவாங்க. படிக்க நல்லா இருக்கும், ஆனா நீங்க எழுதும்போது பக்கத்துக்கு பத்து தடவ உறுமாதீங்க, 'செட்' ரொம்ப மரியாதையான வார்த்தை.

நிறத்துல ரெண்டு கண்ணி இருக்கு. 'பேல்', 'பேலிட்', 'ஆஷன்' எல்லாம் வெளிறிப்போனது, சாம்பல் பூத்ததுன்னு ஒரே பக்கம் போகும். ஆனா 'லிவிட்'னு ஒண்ணு வரும், அதுக்கு அடிபட்ட தோல் மாதிரி நீலம் பாஞ்ச நிறம்னும் அர்த்தம், கடுங்கோபம்னும் அர்த்தம், இன்னைக்கு பேச்சுல பெரும்பாலும் கோபம்தான். இன்னொண்ணு 'சாங்க்வின்'. லத்தீன்ல ரத்தத்துக்கு இருக்குற சொல்லுல இருந்து வந்தது, அதனால பயங்கரமா ஏதோன்னு நினைப்பீங்க, ஆனா அர்த்தம் நம்பிக்கையோட, உற்சாகமா இருக்குறது. பழைய ஐரோப்பிய வைத்தியத்துல உடம்புல ரத்தம் தூக்கலா இருக்குறவன் கலகலப்பானவன்னு நம்புனாங்க, அதோட மிச்சம்.

இதே மாதிரி வேர்ச்சொல் வழியா போனா ஒரு வார்த்தை புடிச்சா அஞ்சு மாட்டும். சாவுக்கு லத்தீன் வேர் 'மார்ட்', அதுல இருந்து 'மார்ட்டல்' சாகக்கூடியவன், 'இம்மார்ட்டல்' சாகாதவன், 'மார்ட்டிஃபைட்' மானம் போய் கூனிக்குறுகினது, நாம "செத்தேன் போ"ன்னு சொல்றோம்ல அதேதான். வீட்டு லோன் 'மார்ட்கேஜ்'லயும் இருக்குறது அதே மார்ட், கட்டிட்டு இருக்கவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது. ராத்திரிக்கு 'நாக்ட்', அதுல 'நாக்டர்னல்'. உயிருக்கு 'விவ்', அதுல 'ரிவைவ்', 'சர்வைவ்', 'விவிட்'. வாம்பயர் கதைல சாவு, உயிர், ராத்திரி இந்த மூணும் இல்லாத பக்கமே இல்லைங்குறதால வேர்ச்சொல் படிக்க இது வசமான இடம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது மயக்குற குடும்பம். மூணு பிரபல கதை உலகத்துல மூணு வெர்ப் இருக்கு. ட்வைலைட்ல எட்வர்ட் ஆளுங்கள 'டாசில்' பண்றான், கண்ண கூச வச்சு பேச்சு மூச்சில்லாம ஆக்கிடுறான், அது மந்திரம் இல்ல, அவனோட அழகு. 2009-ல இருந்து 2017 வரைக்கும் ஓடுன 'தி வாம்பயர் டைரீஸ்' சீரிஸ்ல 'கம்பெல்' பண்ணுவாங்க, கண்ண பாத்து கட்டளை போட்டா அடுத்தவன் மீற முடியாது. 2008-ல ஆரம்பிச்ச 'ட்ரூ ப்ளட்'ல 'க்ளாமர்' பண்ணுவாங்க, ஆமா, நாம சினிமா நடிகைக்கு சொல்ற அதே க்ளாமர்தான், அங்க அது வெர்ப். அதோட வரலாற பாத்தா இன்னும் தமாஷு: 'கிராமர்'ங்குற வார்த்தை ஸ்காட்லாந்து பக்கம் திரிஞ்சுதான் 'க்ளாமர்' ஆச்சு. படிப்பறிவு இருக்குறவன் மந்திரம் தெரிஞ்சவன்னு ஜனங்க நினைச்ச காலம், இலக்கணம்னா மந்திரம். கிராமர்னு சொன்னாலே மூஞ்சிய சுளிக்கிற பசங்ககிட்ட இத சொல்லிப் பாருங்க.

இதோட 'மெஸ்மரைஸ்' சேத்துக்கோங்க, 18-ம் நூற்றாண்டு வைத்தியர் ஃப்ரான்ஸ் மெஸ்மரோட பேர்ல இருந்து வந்தது. 'என்த்ரால்' உள்ள இருக்குற 'த்ரால்' அடிமை. 'கேப்டிவேட்' உள்ள 'கேப்டிவ்' கைதி. இன்னைக்கு சினிமா விமர்சனத்துல எல்லாம் பாராட்டா வர்ற இந்த வார்த்தைங்க அத்தனையும் அடியில மந்திரம், அடிமை, சிறைன்னுதான் இருக்கு, வாம்பயர் கதைல மட்டும்தான் அதோட நேர் அர்த்தத்துல நடமாடுது. 'கம்பெல்' தெரிஞ்சா 'கம்பல்சரி', 'கம்பல்ஷன்', 'கம்பெல்லிங் ஆர்க்யுமென்ட்' எல்லாம் தானா திறக்கும், கடைசில சொன்னது ஆஃபிஸ் மெயில்லயும் வரும்.

எழுதி வைக்கிறது

கார்டோட ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் அர்த்தம்னு போடாதீங்க, அது சீக்கிரம் செத்த கார்டு ஆயிடும். முன்பக்கம் சீன உங்க சொந்த வார்த்தைல ஒரு வரி இங்கிலீஷ்ல எழுதி, புடிச்ச வார்த்தை வர்ற இடத்துல கோடு போடுங்க. கேன்டீன்ல அவன் தூரத்துல இருந்து வச்ச கண்ணு வாங்காம பாக்குறத சொல்ற வரி எழுதி 'கேஸ்' இருக்க வேண்டிய இடத்த காலியா விடுங்க. பின்பக்கம் வார்த்தை, ஒரு தமிழ் அர்த்தம், அதே குடும்பத்துல இன்னொரு வார்த்தை. புக்குல இருக்குற வாக்கியத்த அப்படியே எழுதுறத விட நீங்களா எழுதுறது நல்லது, ஏன்னா அந்த ஒரு வரி எழுதும்போதே வார்த்தைய ஒரு தடவ பயன்படுத்தி பாத்துடுறீங்க.

திரும்ப பாக்குறதுக்கு லைட்னர் பெட்டி முறையே போதும், 1970-கள்ல செபாஸ்டியன் லைட்னர் பிரபலமாக்குனது. மூணு டப்பா வச்சுக்கோங்க, முதல் டப்பா தினமும், ரெண்டாவது மூணு நாளைக்கு ஒரு தடவ, மூணாவது வாரத்துக்கு ஒண்ணு. சரியா சொன்னா கார்டு அடுத்த டப்பாவுக்கு போகும், தப்பா சொன்னா முதல் டப்பாவுக்கே திரும்பும். ஃபோன்லயே வேணும்னா அன்கி ஆப் இதே வேலைய பண்ணும். ஆனா ரசிகருக்கு கார்ட விட பெரிய ரிவிஷன் மறுபடி புக்க படிக்கிறதுதான், அதனால ரெண்டாவது தடவ படிக்கும்போது அந்த வார்த்தை வந்தா பக்க ஓரத்துல ஒரு புள்ளி வைங்க. டிக்ஷனரி பாக்காமலே புள்ளி வச்சிட்டு போக முடிஞ்சா அந்த கார்ட தூக்கிப் போட்டுடலாம்.

படிக்கும்போது நடுவுல நிறுத்தி டிக்ஷனரி பாக்காதீங்க, முத்தம் குடுக்குற நேரத்துல யாராவது டிக்ஷனரி எடுப்பாங்களா. வார்த்தைக்கு அடியில லேசா கோடு போட்டுட்டு ஓடுங்க, சாப்டர் முடிஞ்சதும் திரும்பி வந்து அஞ்ச எடுங்க.

க்ரூப்பா இருந்தா

ரசிகர்களுக்கு சண்டை போட பிடிக்கும், அத அப்படியே வேலைக்கு எடுத்துக்கோங்க. எட்வர்ட் பக்கமா, பெல்லாவ காதலிக்கிற இன்னொரு பையன் ஜேக்கப் பக்கமான்னு ரெண்டு டீம் பிரிச்சு, ஒவ்வொரு டீமுக்கும் அந்த வாரம் புடிச்ச வார்த்தைல ஆறு குடுத்துடுங்க. வாதத்துல அந்த ஆறையும் பொருத்தமா பயன்படுத்தணும், சும்மா திணிச்சா எதிர் டீம் மேஜைய தட்டலாம், தட்டுனவங்க ஏன் பொருந்தலன்னு சொல்லணும். இந்த "ஏன் பொருந்தல"தான் முக்கியமான பாகம், ஒரு வார்த்தைய எங்க போடக்கூடாதுன்னு தெரியிறதுதான் அத தெரிஞ்சதுக்கு அடையாளம். நடத்துறவங்க பக்கம் சாயாதீங்க, சாஞ்சா பாதி பேரு பேச மாட்டாங்க.

இத விட சூடான தலைப்பு ஒண்ணு இருக்கு. பெல்லா தூங்கும்போது அவளுக்கு தெரியாம ரூமுக்குள்ள வந்து எட்வர்ட் பாத்துட்டு நிப்பான், இது காதலா இல்ல வேற ஏதாவதா? 'ப்ரொடெக்டிவ்', 'பொசசிவ்', 'அப்செசிவ்', 'கன்ட்ரோலிங்', 'கன்சென்ட்', 'ரொமான்டிசைஸ்', இந்த வார்த்தைங்க எல்லாம் கதைல இல்ல, கதைய பத்தி பேச வேண்டிய வார்த்தைங்க. 'ப்ரொடெக்டிவ்' எங்க முடிஞ்சு 'கன்ட்ரோலிங்' எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு கோடு போட சொல்லி, கதைல இருந்து சம்பவங்கள எடுத்து அந்த கோட்டுல எங்க வைப்பீங்கன்னு கேளுங்க. பதின்வயசு பசங்க இருக்குற க்ரூப்ல இத பண்ணாம விடவே கூடாதுன்னு நான் சொல்லுவேன், வொகாபுலரிக்காக மட்டும் இல்ல. ரசிகர் மனசு புண்படும்னு பயப்பட வேணாம், கதைய ரொம்ப நேசிக்கிறவங்கதான் அத ரொம்ப நல்லா குத்தம் சொல்லுவாங்க.

எழுத பிடிச்சவங்க இருந்தா, ஒரு சீன மூணாவது ஆள் பார்வைல எழுத சொல்லுங்க, பக்கத்து மேஜைல உக்காந்து இவங்கள பாத்துட்டு இருக்குற க்ளாஸ்மேட் ஒருத்தர், வாம்பயர் விஷயமே தெரியாதவர். நிபந்தனை ஒண்ணே ஒண்ணு, பார்வைக் குடும்பத்துல இருந்து மூணு வெர்ப், மூணும் வேற வேற அர்த்தத்துல. இன்னும் சின்னதா வேணும்னா ஒரு பாரால இருக்குற வெர்ப் எல்லாத்தையும் அழிச்சிட்டு நிரப்ப சொல்லலாம், அப்புறம் எழுத்தாளர் போட்டது பெஸ்டா நம்ம பசங்க போட்டது பெஸ்டான்னு ஓட்டு. பசங்க ஜெயிக்கிற நாளும் உண்டு. ஃபேன்ஃபிக், அதாவது ரசிகர்களே எழுதி நெட்ல போடுற கதை, படிக்கிறவங்க நிறைய இருப்பாங்க, தடுக்காதீங்க, ஆனா எடிட்டர் பாக்காத எழுத்துங்குறதால அதுல இருந்து ஸ்பெல்லிங் கத்துக்க வேணாம், ரேட்டிங்கயும் பாத்துட்டு படிக்க சொல்லுங்க. அதே மாதிரி ட்ரூ ப்ளட் பெரியவங்களுக்கான சீரிஸ், சின்னவங்க க்ரூப்புக்குள்ள கொண்டு வராதீங்க.

காது, வாய்

படிச்சே கத்துக்கிட்ட வார்த்தைய வாய்ல சொல்லும்போது மாட்டிக்குவோம், 'ஷக்ரின்' மாதிரி. சாப்டர படிச்சு முடிச்சதுக்கு அப்புறம் அதே சாப்டர ஆடியோபுக்ல கேளுங்க, படம் பாத்தா இங்கிலீஷ் சப்டைட்டிலோட பாருங்க, தமிழ் சப்டைட்டில் போட்டா காது வேலை செய்யாது. புக்குல இருந்து படத்துக்கு போறதுதான் நல்ல வரிசை.

புக்குல படிச்சு கத்துக்கிட்டு பேச்சுல மாட்டிக்கிற இந்த பிரச்சனை வாம்பயருக்கே இருந்துச்சுங்குறதுதான் சுவாரசியம். ப்ராம் ஸ்டோக்கர் 1897-ல எழுதுன 'ட்ராகுலா'ல பிரபு ட்ராகுலாவோட கோட்டைல ஒரு லைப்ரரி முழுக்க இங்கிலீஷ் புக்கு, பத்திரிகை, லண்டன் டைரக்டரின்னு குவிஞ்சு கிடக்கும். லண்டன் போறதுக்கு முன்னாடி மொழி கத்துக்கிறாரு. தன்னோட இங்கிலீஷ் வெறும் புத்தக இங்கிலீஷ்னு அவருக்கே தெரியும், வீட்டுக்கு வந்த ஜோனதன் ஹார்க்கர் கிட்ட என் பேச்சுல சின்ன தப்பு இருந்தாலும் திருத்துங்கன்னு கேட்டுக்கிறாரு. பல நூறு வருஷம் வாழ்ந்த பிரபுவே கூச்சப்படாம கேக்கும்போது நமக்கென்ன. ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து ஒருத்தர் சத்தமா படிக்க இன்னொருத்தர் ஆடியோவோட ஒப்பிட்டு திருத்துற பயிற்சிக்கு எங்க க்ரூப்ல ட்ராகுலா நேரம்னே பேரு.

அடுத்த படி

நாலு புக்கும் முடிச்சவங்க "இப்போ என்ன படிக்கிறது"ன்னு கேக்குற நேரம்தான் பழைய புக்குக்கு தாண்ட வைக்க சரியான நேரம். மெயரோட கதைங்களுக்குள்ளயே அதுக்கு வழி போட்டு வச்சிருக்கு, பெல்லா 'வுதரிங் ஹைட்ஸ்'ங்குற பழைய காதல் நாவல படிக்கிறவ, ரெண்டாவது புக்கு முழுக்க 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நிழல் இருக்கு. ஆனா நேரா அங்க குதிச்சா மூச்சு முட்டும், அதனால நான் முதல்ல குடுக்கிறது ஷெரிடன் லெஃபானு எழுதுன 'கார்மில்லா', 1872, ட்ராகுலாவுக்கு 25 வருஷம் மூத்தது, வாம்பயர் ஒரு பொண்ணு, சொல்றதும் பொண்ணு, குறுநாவல்தான். காப்பிரைட் முடிஞ்சதால ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ங்குற புக்கு வெப்சைட்ல இலவசமாவே கிடைக்கும். வாக்கியம் நீளம், கமா மேல கமா போகும், அதனால ஒரு நாளைக்கு ரெண்டு மூணு பக்கம் மட்டும், சத்தமா படிச்சா இன்னும் நல்லா புரியும். இங்க சாப்டருக்கு அஞ்சு வார்த்தைங்குற கணக்கு அப்படியே இருக்கட்டும், தெரியாதது நிறைய வந்தாலும் கூட்டாதீங்க. 'லாங்குவிட்', 'மெலன்கலி', 'ஆர்டர்' மாதிரி சோர்வுக்கும் ஏக்கத்துக்கும் காதல் வேகத்துக்கும் இருக்குற பழைய வார்த்தைங்க இங்கதான் கிடைக்கும். இந்த ஆர்டர் கடைல குடுக்குற ஆர்டர் இல்ல, ஸ்பெல்லிங் பாத்துக்கோங்க.

அதுக்கு அப்புறம் ட்ராகுலா. டைரி, கடிதம், தந்தி, பத்திரிகை செய்தின்னு துண்டு துண்டா இருக்கும், அதனால நீளமா இருந்தாலும் பிரிச்சு படிக்க வசதி. ரெண்டு எச்சரிக்கை மட்டும். விட்பி ஊர் கல்லறைல உக்காந்து பேசுற கிழவர் ஸ்வேல்ஸோட பேச்சு யார்க்‌ஷயர் வட்டார வழக்கு, இங்கிலீஷ்காரங்களுக்கே தலை சுத்தும், தைரியமா தாண்டிப் போங்க. ட்ராகுலாவ வேட்டையாட வர்ற பேராசிரியர் வான் ஹெல்சிங் டச்சுக்காரர், பெரிய மேதை, ஆனா அவர் பேசுற இங்கிலீஷ் வேணும்னே கோணலா எழுதுனது, வெர்ப் இடம் மாறும், டென்ஸ் தப்பும், அதனால அவர் வசனத்துல இருந்து வார்த்தை எடுத்துக்கலாம், வாக்கிய அமைப்பு மட்டும் எடுக்காதீங்க. ஹார்க்கரோட மனைவி ஆகுற மினா எழுதுற டைரி பகுதிங்கள காப்பி எடுத்து வச்சுக்கோங்க, சுத்தமான நடை, பயிற்சிக்கு அதுதான் தோது.